கப்பல் ஹல்லின் பேட்ச் இணைப்புகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஒரு கப்பலின் ஹல்லை, அதாவது வெளி உடலை, கணினியில் ஒரே நர்ப்ஸ் பரப்பாக (கன்ட்ரோல் பாயின்ட் என்ற புள்ளிகளை நகர்த்தி வடிவமைக்கும் வளைபரப்பு) வரைய முயன்றவர்களுக்கு அது எங்கே இடறும் என்று தெரியும். நர்ப்ஸ் பரப்பு நான்கு ஓரம் கொண்ட ஒரு துணி மாதிரி. முன்புறப் பல்ப்பின் (நீருக்குள் முன்னே நீளும் குமிழ்) மூக்குக்காக நான்கு வரிசை கன்ட்ரோல் பாயின்ட்களைக் கூட்டினால், அவை அங்கேயே நிற்காது. பின்புற டிரான்சம், அதாவது தட்டையான பின்முகம், வரைக்கும் ஓடும். தேவையில்லாத இடத்தில் புள்ளி குவிந்தால் பரப்பு நெளியும். அதனால்தான் ஹல்லைப் பல பேட்ச்களாக, அதாவது தனித்தனிப் பரப்புத் துண்டுகளாக, பிரிக்கிறோம். பிரித்த உடனே அடுத்த தலைவலி ஆரம்பம்: இணைப்புகள்.

பல வருடம் இந்த வேலையில் உட்கார்ந்த பிறகு நான் உறுதியாகச் சொல்ல ஒன்று உண்டு. இணைப்பில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் இணைப்பில் பிறந்ததில்லை. எல்லைக்கோடு சரியில்லை, அல்லது அந்தக் கோட்டைப் போட்ட இடமே சரியில்லை. அதை விட்டுவிட்டு, ஓரங்களைப் பொருத்தும் மேட்ச் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், கோளாறு பக்கத்து இணைப்புக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

உதாரணத்துக்கு கேசிஎஸ் கன்டெய்னர் கப்பலை எடுத்துக்கொள்கிறேன். கொரியாவின் கிரிசோ ஆய்வு நிறுவனம் வடிவமைத்தது. இந்தக் கப்பல் கட்டப்படவே இல்லை. ஆனால் தொட்டிச் சோதனைக்கும், கணினியில் நீரோட்டக் கணிப்புகளை ஒப்பிடவும் உலகம் முழுக்க இதன் வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். செங்குத்துகளுக்கு இடையே நீளம் 230 மீட்டர், அகலம் 32.2, மிதவை ஆழம் 10.8. முன்னால் பல்ப், பின்னால் டிரான்சம், நடுவில் தட்டை அடியும் தட்டைப் பக்கமும் உண்டு. பேட்ச் வேலையில் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு வடிவத்திலேயே வந்துவிடும். கட்டளைப் பெயர்களை ரைனோ என்ற வரைவு மென்பொருளிலிருந்து சொல்கிறேன். மற்ற மென்பொருள்களிலும் வேறு பெயரில் இதே கருவிகள் இருக்கும்.

கோளாறைப் பார்க்கும் முறை

ஜீப்ரா கட்டளை பரப்பின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் போடும். இணைப்பில் பட்டை ஒன்றுக்கொன்று விலகி நின்றால், இரண்டு பேட்ச்சும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே, அது ஜி0. பட்டை சேர்ந்து, ஆனால் இணைப்பில் சட்டென்று திசை மாறினால் ஜி1: தொடுதளம் ஒன்று, வளைவின் அளவு வேறு. இணைப்பு எங்கே என்றே தெரியாதபடி பட்டை வழுக்கிக்கொண்டு போனால் ஜி2. கேமராவைச் சுற்றிக்கொண்டே பாருங்கள். நிலையான படத்தில் தப்பிக்கும் கோளாறு, பட்டை நகரும்போது மாட்டிக்கொள்ளும்.

கோடுகளுக்கு கர்வேச்சர் கிராஃப். கோட்டின் மேல் சீப்புப் பற்கள் மாதிரி நிற்கும், நீளமான பல் என்றால் அங்கே வளைவு அதிகம். பழைய லாஃப்ட் தளத்தில் (கப்பலின் கோடுகளை முழு அளவில் வரையும் தரை) நீண்ட மரச்சட்டத்தை வளைத்துப் பிடித்து, ஓரத்தோடு ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கண் செய்த வேலையை இப்போது இந்தச் சீப்பு செய்கிறது.

அப்புறம் கோப்பின் டாலரன்ஸ், அதாவது மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் பிழை அளவு. கோப்பு மீட்டர் அலகில் இருந்து டாலரன்ஸ் 0.01 என்றிருந்தால், 10 மில்லிமீட்டர் இடைவெளியையும் மென்பொருள் "சேர்ந்தது" என்றே சொல்லும். கோண டாலரன்ஸும் அப்படித்தான். ரைனோவில் அது வழக்கமாக 1 பாகை. ஒரு பாகைத் திருப்பம் ஒரு மீட்டர் தள்ளிப் போனால் 17 மில்லிமீட்டர் விலகல். "தொடுநிலை சரி" என்று மென்பொருள் சொன்ன இணைப்பில் ஜீப்ரா உடைந்து தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மில்லிமீட்டர் அலகுக்கு மாறி, நீள டாலரன்ஸை 0.01, கோணத்தை 0.1 என்று வைத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

அறிகுறி: இரண்டு பேட்ச்சும் சேரவே இல்லை

ஷோ எட்ஜஸ் கொடுத்தால் திறந்த ஓரங்கள் நிறம் மாறித் தெரியும். காரணம் அனேகமாக ஒன்றே: இரண்டு பேட்ச்சும் ஒரே கோட்டிலிருந்து பிறக்கவில்லை. ஒன்றை அந்த எல்லைக்கோட்டில் வரைந்திருப்பார்கள், இன்னொன்றை அதற்குக் "கிட்டத்தட்ட" இருந்த வேறொரு கோட்டில். ஓரங்களை இழுத்து ஒட்டவைக்கும் கட்டளைகள் உண்டு. ஹல்லில் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். அவை இடைவெளியை மறைக்கின்றன, பரப்பு அங்கேயேதான் இருக்கிறது. எல்லைக்கோடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு பேட்ச்சையும் அதிலிருந்து மறுபடி எழுப்புங்கள்.

டிரிம் செய்த, அதாவது பரப்பை வெட்டி உண்டாக்கிய, ஓரம் என்றால் கதை வேறு. டிரிம் ஓரம் பரப்பின் உண்மையான ஓரம் இல்லை. மேலே வரைந்த ஒரு தோராயக் கோடு. அதன் அடியில் கன்ட்ரோல் பாயின்ட் வரிசை எதுவும் இல்லாததால், அதோடு புள்ளிக்குப் புள்ளி பொருத்தவும் முடியாது. நீர்க்கோட்டுக்குக் கீழே டிரிம் இல்லாமல் வரைவது என் வழக்கம். பவ் திரஸ்டர் (கப்பலின் முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி) துளை மாதிரி கடைசியில் வெட்டுகிறவை மட்டும் விதிவிலக்கு.

அறிகுறி: இணைப்பில் ஜீப்ரா உடைகிறது, ஆனால் அங்கே நக்கிள் (வேண்டுமென்றே வைத்த மடிப்பு) இல்லை

ஓரத்தைக் குறுக்காகக் கடக்கும் மூன்று புள்ளிகளைப் பாருங்கள்: இந்தப் பக்கம் ஒன்று, ஓரத்தில் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அது போதாது. தூர விகிதமும் ஓரம் நெடுக ஒன்றாக இருப்பது பாதுகாப்பு. ஓரிடத்தில் 400க்கு 300 மில்லிமீட்டர், நாலு புள்ளி தள்ளி 400க்கு 200 என்றால், புள்ளிகள் இருக்கும் இடத்தில் நேராகத் தெரிந்தாலும் நடுவில் லேசாக உடையும்.

இப்படிப் பொருத்த, இரண்டு ஓரத்திலும் புள்ளி எண்ணிக்கை, படி (பரப்பின் பல்லுறுப்புக் கோவையின் அடுக்கு), நாட் அமைப்பு (ஒவ்வொரு புள்ளியின் தாக்கமும் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று சொல்லும் எண்வரிசை) மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 6 புள்ளி, மறுபக்கம் 11 என்றால் மேட்ச் சர்ஃபேஸ் கட்டளை தன்பாட்டுக்குப் புள்ளிகளைச் சேர்க்கும். இணைப்பு சரியாகும், பேட்ச் கனத்துவிடும், அடுத்த இணைப்பைப் பொருத்தும்போது இன்னும் கனக்கும். அதனால் வரைவதற்கு முன்பே பக்கத்துப் பக்கத்து பேட்ச்களின் புள்ளி எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முறை ஒரு வடிவமைப்பு அலுவலகத்திலிருந்து ஒரு ஹல் வந்தது. நடுப்பகுதி பேட்ச் ஒன்றில் நீளவாக்கில் 140 புள்ளிக்கு மேல். தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் முழுக்கச் சலசலப்பு. இரண்டு நாள் இணைப்புகளோடு போராடினேன். கடைசியில் அந்தப் பேட்ச்சை அழித்து 8 புள்ளியில் வரைந்ததும் ஒரு மணி நேரத்தில் சரியானது.

அறிகுறி: பில்ஜில் (அடியும் பக்கமும் சேரும் வளைவு) ஜீப்ரா சேர்கிறது, ஆனால் முறிகிறது

இங்கேதான் பலர் தேவையில்லாமல் நாளைக் கழிக்கிறார்கள். நடுக்கப்பலில் தட்டை அடியிலிருந்து ஒரு வட்ட வில் எழுந்து தட்டைப் பக்கத்தில் சேர்கிறது. தட்டையின் வளைவு பூஜ்யம். 2 மீட்டர் ஆரமுள்ள வில்லின் வளைவு மீட்டருக்கு 0.5. எல்லைக்கோட்டில் வளைவு ஒரே தாவலாக மாறுகிறது, அதுதான் வடிவமைப்பு. ஜீப்ரா முறிவது சரியான அறிகுறி. அங்கே ஜி2 கேட்டால் வில் கெடும், தகடு வளைப்பவருக்கும் ஒரே ஆரம் கிடைக்காது.

நடுக்கப்பல் பில்ஜை எப்படி வரைவது என்று புள்ளி புள்ளியாகவே காட்டுகிறேன். அரை அகலம் 16.1 மீட்டர், பில்ஜ் ஆரம் 2 மீட்டர், அடி சாய்வு இல்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் படி, குறுக்கே நான்கு புள்ளி. முதல் புள்ளி மையத்திலிருந்து 14.1, உயரம் 0. இரண்டாவது அதே உயரம் 0-இல், 2 மீட்டரின் 0.5523 பங்கு வெளியே, அதாவது 15.2046. மூன்றாவது 16.1-இல், உயரம் 0.8954. நான்காவது 16.1-இல், உயரம் 2. முதல் இரண்டு புள்ளியும் அடித் தளத்தில், கடைசி இரண்டும் பக்கத் தளத்தில். தொடுநிலை தானாக வந்துவிட்டது. இது துல்லியமான வட்டம் இல்லை, ஆனால் விலகல் ஆரத்தில் 0.027 சதவீதம், இங்கே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

ரைனோவில் வட்ட வில்லையே எடுத்துப் பரப்பாக்கினால் துல்லியமான வட்டம் வரும், ஆனால் அது இரண்டாம் படி, நடுப்புள்ளிக்கு எடை, அதாவது அது பரப்பைத் தன் பக்கம் இழுக்கும் பலம், 0.7071. பக்கத்தில் இருக்கும் மூன்றாம் படி, எடையில்லாத பேட்ச்சோடு அது புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போகாது. அரை மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்து, எல்லா பேட்ச்சையும் ஒரே இனமாக வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

நடுப்பகுதியை விட்டு முன்னே போகப்போக பில்ஜ் இளகுகிறது. அங்கே ஜி2 வேண்டுமென்றால், மூன்றாவது வரிசைப் புள்ளிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக அடித் தளத்துக்கு இறக்கிக்கொண்டு போங்கள். மூன்று வரிசையும் உயரம் 0 என்றால் எல்லையில் வளைவு பூஜ்யம், தட்டையோடு ஜி2. இதற்குக் குறுக்கே நான்கு புள்ளி போதாது. ஒரு ஓரத்தில் ஜி1-க்கு இரண்டு வரிசை, ஜி2-க்கு மூன்று வரிசை வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஜி2 என்றால் ஆறு வரிசை: ஐந்தாம் படி, அல்லது மூன்றாம் படியில் ஆறு புள்ளி. "இந்தப் பக்கம் மேட்ச் செய்தால் அந்தப் பக்கம் உடைகிறது" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இதுவே காரணம். ஒரே வரிசையை இரண்டு ஓரமும் தனக்கென்று இழுக்கின்றன.

தட்டை அடியின் எல்லைக்கோட்டை மேலிருந்து பார்த்து சீப்பையும் போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு நெளிந்திருந்தால், அதன் மேல் நிற்கும் எந்தப் பேட்ச்சும் வழவழப்பாக வராது. பில்ஜில் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கோட்டில்தான் முடிந்தன.

அறிகுறி: நான்கு பேட்ச் சந்திக்கும் மூலையில் சிறு குழி

நான்கு ஓரமும் தனித்தனியாகச் சரி. ஜீப்ரா அழகாக ஓடி வந்து, மூலையில் மட்டும் ஒரு சுருக்கம். துணியில் தையல்கள் சந்திக்கும் இடத்தில் விழும் கொசுவம் மாதிரி.

மூலையைச் சுற்றி ஒன்பது புள்ளிகள் இருக்கின்றன. நடுவில் மூலைப் புள்ளி. ஓரங்களின் மேல் நான்கு அண்டைப் புள்ளிகள். மிச்ச நான்கும் குறுக்கே, ஒவ்வொரு பேட்ச்சுக்குள்ளும் ஒன்று. இவைதான் ட்விஸ்ட் புள்ளிகள். ஒவ்வொரு ட்விஸ்ட் புள்ளியும் இரண்டு ஓரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மேட்ச் செய்தால், நான்காவது ஓரத்தைப் பொருத்தும்போது முதல் ஓரத்தின் ட்விஸ்ட் புள்ளி நகர்ந்துவிடும். குழி அப்படித்தான் விழுகிறது.

கையால் செய்யுங்கள். முதலில் மூலையும் நான்கு அண்டைப் புள்ளிகளும் ஒரே தளத்தில், எதிரெதிர் ஜோடிகள் மூலை வழியே நேர்கோட்டில் இருக்கட்டும். அப்புறம் ஒரே ஒரு ட்விஸ்ட் புள்ளியைத் தீர்மானியுங்கள். தொடக்கத்துக்கு அதை இணைகரத்தின் நான்காவது முனையில் வைக்கலாம்: இரண்டு அண்டைப் புள்ளிகளின் ஆயங்களைக் கூட்டி, மூலையின் ஆயத்தைக் கழித்தால் அந்த இடம். அது முடிவானால் மற்ற மூன்றும் தானாக வரும். ஓரத்தைக் கடக்கும் மூன்று புள்ளியும் நேர்கோட்டில், அதே விகிதத்தில் என்ற விதியை ஒரு திசையில் போட்டு இரண்டாவது, மறுதிசையில் போட்டு மூன்றாவது. நான்காவதற்கு எந்த வழியாகப் போனாலும் ஒரே இடம்தான் கிடைக்கும். விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும்வரை இது பிசகாது. முதல் முறை எண்ணைப் போட்டு அது ஒத்துவந்தபோது எனக்கு உண்டான நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

இணைகர இடத்தில் அப்படியே விட்டுவிடக் கூடாது. அது ட்விஸ்ட் பூஜ்யம் என்ற நிலை. 1960களில் போயிங்கில் ஃபெர்குசன் உருவாக்கிய பேட்ச்கள் இப்படித்தான் பூஜ்ய ட்விஸ்ட்டோடு இருந்தன, அவற்றின் மூலைகளில் பரப்பு தட்டையாகிவிடும் குறை எல்லோருக்கும் தெரிந்தது. கர்வேச்சர் அனாலிசிஸ் நிறப் படத்தில் மூலையைச் சுற்றி வேறு நிறத் திட்டு தெரிந்தால், அந்த ஒரு ட்விஸ்ட் புள்ளியைப் பரப்புக்குச் செங்குத்தாகக் கொஞ்சம் நகர்த்துங்கள், மற்ற மூன்றையும் மறுபடி கணக்கிடுங்கள். திட்டு மறையும்வரை இதைச் செய்ய வேண்டியதுதான்.

மூன்றோ ஐந்தோ பேட்ச் சந்திக்கும் மூலையில் இந்த வழி செல்லாது. அப்படி ஒரு மூலை தவிர்க்க முடியாததென்றால், அதைப் பரப்பு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். பல்ப்பும் உடலும் சேரும் பள்ளத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

அறிகுறி: பல்ப் மூக்கில் பட்டைகள் கிள்ளியதுபோல் குவிகின்றன

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, பாதி ஹல்லின் பக்கவாட்டு நிழல் வரையை மேல், மூக்கு, கீழ் என்று மூன்றாக வெட்டி, பின்னால் ஒரு குறுக்கு வெட்டையும் சேர்த்து நான்கு ஓரப் பேட்ச் போடுவது. காகிதத்தில் அழகான தீர்வு. ஆனால் மேல் கோடும் மூக்குக் கோடும் சேரும் மூலையில் கோணம் 180 பாகை. இரண்டு ஓரமும் ஒரே திசையில் ஓடுவதால் அங்கே தொடுதளமே தீர்மானமாகாது. பேட்ச்சின் மூலைக் கோணம் 90-ஐ ஒட்டி இருப்பது நல்லது. 150-ஐத் தாண்டினால் பிரித்த விதத்தையே மாற்றுங்கள்.

இரண்டாவது, ஓரம் ஒன்றை மூக்கு நுனியில் ஒரே புள்ளியாகச் சுருக்குவது. பூமி உருண்டையின் துருவத்தில் தீர்க்கக் கோடுகள் கூடுவதுபோல் இங்கே நீளவாட்டக் கோடுகள் கூடும். இதை ஓரளவு காப்பாற்றலாம். நுனிக்கு அடுத்த வரிசைப் புள்ளிகள் அத்தனையும் நுனிப் புள்ளியோடு ஒரே குறுக்குத் தளத்தில் நின்றால் நுனியில் தொடுதளம் ஒன்றாகும். அதாவது எல்லாப் புள்ளிக்கும் நீளவாக்கு ஆயம் ஒன்றே. வளைவு மட்டும் சுத்தமாகாது. நீரோட்டக் கணிப்புக்கு வலை போடப்போகிறீர்கள் (பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்போகிறீர்கள்) என்றால், நுனியைச் சுற்றி ஒரு சிறு பகுதியை வெட்டியெடுத்து, அங்கே நான்கு ஓரமுள்ள தொப்பி பேட்ச் ஒன்றை வைப்பதே நல்லது.

அறிகுறி: பாதி ஹல்லைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியதும் நடுவில் முகடு

மையக்கோட்டின் மேல் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த புள்ளி, நேர் பக்கவாட்டில் மட்டும் விலகியிருக்க வேண்டும். நீளவாக்கிலும் உயரத்திலும் இரண்டு புள்ளிக்கும் ஆயம் ஒன்றே. இது அமைந்தால் தொடுநிலை மட்டுமில்லை, சமச்சீரின் காரணமாக ஜி2-வும் இனாமாகக் கிடைக்கும். மூன்றாவது வரிசையைத் தொட வேண்டாம். முன்தண்டு கூர்மையாக இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: ஓரம் நெடுக மெல்லிய அலை

புள்ளி அதிகம். வேறு விளக்கம் தேட வேண்டாம். எத்தனை குறைந்த புள்ளியில் ஒரு ஹல் நிற்கும் என்று காட்ட, எளிய சமன்பாட்டால் வரையறுத்த விக்லி ஹல் நல்ல உதாரணம். நீளம் 10 மீட்டர், அகலம் 1, ஆழம் 0.625 என்று எடுங்கள். இரண்டு திசையிலும் இரண்டாம் படி, 3-க்கு 3 புள்ளி. நீளவாக்கில் -5, 0, 5. உயரத்தில் 0, -0.3125, -0.625. ஒன்பது புள்ளியில் ஏழு மையத் தளத்திலேயே இருக்கும். நடு வரிசையில் மேலே இருக்கும் இரண்டு மட்டும் 1 மீட்டர் வெளியே. அவ்வளவுதான், பாதி ஹல் துல்லியமாக வந்துவிட்டது. இரண்டு பாதியின் கொள்ளளவு 2.778 கன மீட்டர் வர வேண்டும், பிளாக் குணகம் (நீளம், அகலம், ஆழம் மூன்றின் பெருக்கத்தில் கொள்ளளவின் பங்கு) 0.444. உங்கள் மென்பொருளின் கணக்கைச் சோதிக்கவும் இது உதவும்.

கேசிஎஸ் இவ்வளவு எளிதில்லைதான். ஆனாலும் ஒரு பேட்ச்சில் ஒரு திசையில் 10 புள்ளிக்கு மேல் தேவைப்பட்டால், அந்தப் பேட்ச்சை இன்னொரு இயற்கையான கோட்டில் பிரிக்க வேண்டுமா என்று யோசிப்பேன். இயற்கையான கோடுகள் என்றால் தட்டை அடியின் எல்லை, தட்டைப் பக்கத்தின் எல்லை, நக்கிள், டிரான்சத்தின் ஓரம், டெக் ஓரம். வரைபடத்தில் கையில் இருக்கிறது என்பதற்காக ஸ்டேஷன் வெட்டுகளில் (நீளவாக்கில் இடைவெளி விட்டு எடுக்கும் குறுக்கு வெட்டுகள்) பிரிக்காதீர்கள். வளைவு வேகமாக மாறும் இடத்தின் நடுவே அந்த வெட்டு விழுந்தால், இரண்டு பக்கமும் ஜி2 வைப்பது பெரும்பாடு. நெட்வொர்க் சர்ஃபேஸ் கட்டளையையும் தூர வையுங்கள். கோடுகளைப் பிடிக்க அது புள்ளிகளைக் கொட்டும்.

அறிகுறி: கண்ணுக்குச் சரி, கணக்கு மட்டும் தப்பு

ஒரு பேட்ச்சின் திசை உள்நோக்கித் திரும்பியிருக்கும். டிர் கட்டளையில் அம்புக்குறிகளைப் பாருங்கள், ஃப்ளிப் கொடுங்கள். வலை போடும் மென்பொருள் நின்றுவிட்டால், நூலிழை மாதிரி மெலிந்த பேட்ச் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்; தட்டை அடி முன்னால் கூர்மையாக முடியும் இடத்தில் அடிக்கடி இருக்கும். எல்லாம் முடிந்ததும் 10.8 மீட்டர் ஆழத்தில் கேசிஎஸ்ஸின் கொள்ளளவு சுமார் 52,030 கன மீட்டர் வருகிறதா பாருங்கள். 26,000 சொச்சம் வந்தால் மறுபாதியைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.